ஒரு படம் விழுந்தால் ஒரு கடப்பு ஆகிவிடாது: சாலைக் கீழ்வழி, மேல்வழிகளில் விலங்கு நடமாட்டத்தைக் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

சாலைக்கு அடியில் விலங்குகளுக்காகக் கட்டிய கீழ்வழியில் ஒரு கேமராவைக் கட்டிவிட்டு வந்தால், மூன்றாம் நாளே படம் வந்துவிடும். மானோ மரநாயோ ஏதோ ஒன்று விழுந்திருக்கும். உடனே அதை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு, "பயன்படுத்த ஆரம்பிச்சிடுச்சு" என்று எழுதிவிடுவார்கள். அந்த மான் மறுபுறம் போய்ச் சேர்ந்ததா, வாயிலில் மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பியதா, அதே இரவில் எத்தனை மான்கள் மேலே தார்ச்சாலையில் ஏறிக் கடந்தன? அந்தப் படத்தில் இதற்கெல்லாம் விடை இல்லை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேமராவில்தான் தொடங்குகிறார்கள். இந்த வழிகாட்டியில் கேமரா ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"கீழ்வழி வேலை செய்கிறதா?" என்று கேட்டால் எதையும் அளக்க முடியாது. எந்த விலங்கு, எந்தச் செயல் என்று இறங்கி வாருங்கள். யானைக் கூட்டம் குட்டியோடு கடக்கிறதா? சாலையில் அடிபடும் கடமான் குறைந்ததா? சிங்கவால் குரங்கு தரையில் இறங்குவதை விட்டுவிட்டதா? மூன்றுக்கும் வேலை வேறு. முதல் கேள்விக்கு வீடியோ வேண்டும், இரண்டாவதற்கு விடியலில் சாலையில் நடக்க வேண்டும், மூன்றாவதற்குப் பகல் முழுக்க ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதை எழுதாமலே தொடங்கிய ஒரு குழுவோடு நான் ஓராண்டு அலைந்திருக்கிறேன். ஆண்டு முடிவில் ஹார்டு டிஸ்க் நிறையப் படம் இருந்தது. "சரி, அடிபடுவது குறைந்ததா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். அதற்கான குறிப்பு ஒரு வரிகூட எங்களிடம் இல்லை.

2. அனுமதியும் உள்ளூர் ஆட்களும்

சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் ஆய்வுக்காக நுழைய, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பாலத்தின் தூண் நெடுஞ்சாலைத் துறையுடையது, தண்டவாளத்துக்கு அடியில் என்றால் ரயில்வேயுடையது. தூணில் ஒரு ஆணி அடிக்கக்கூட அவர்களுடைய கடிதம் தேவை. வனத்துறை அனுமதி மட்டும் வைத்துக்கொண்டு போய், பாதி நாளில் இறக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

அனுமதி வந்ததும் ரேஞ்சரைப் பார்த்துவிட்டு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான வனக்காவலரையும் (பீட் காவலர்) வேட்டைத் தடுப்புக் காவலரையும் கூட அழைத்துக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். "அந்தத் தூண் பக்கம் ஒத்தை யானை நிக்கும், நாலு மணிக்கு மேல போகாதீங்க சார்" என்ற தகவல் எந்த வரைபடத்திலும் இருக்காது. தனியாகப் போகவே கூடாது. சாலையோரம் வேலை செய்யும்போது ஒளிரும் மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் யானையைவிட லாரிக்கே நான் அதிகம் பயந்திருக்கிறேன்.

3. கட்டுவதற்கு முந்தைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

சாலை அகலமாகும் முன்பே, கீழ்வழி கட்டும் முன்பே, அந்த இடத்தில் எவை கடந்தன, எவை அடிபட்டன என்று குறைந்தது ஓராண்டுத் தகவல் இருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது மாதிரி. அது இருந்தால்தான் பின்னால் வரும் எண்ணை ஏற்றம் என்றோ இறக்கம் என்றோ சொல்ல முடியும்.

நடைமுறையில் நம்மைக் கூப்பிடுவது ரிப்பன் வெட்டிய பிறகுதான். அப்போது ஒப்பிட இடம் தேடுங்கள். அதே சாலையில், அதே மாதிரிக் காட்டில், கீழ்வழி இல்லாத இரண்டு மூன்று பகுதிகளைத் தேர்ந்து, அங்கும் அதே நாட்களில் அதே வேலையைச் செய்யுங்கள். மழை பொய்த்த ஆண்டில் மான் நடமாட்டம் எங்கும் குறையும். ஒப்பிட இடம் இல்லாதவர், பழியைக் கீழ்வழியின் மேல் போட்டுவிடுவார்.

4. கேமரா இல்லாமல் ஒரு வாரம் நடங்கள்

கீழ்வழியின் இரு வாயில்களிலிருந்தும் காட்டுக்குள் 200, 300 மீட்டர் வரை நடந்து பாருங்கள். விலங்குத் தடம் எங்கே வந்து சேர்கிறது, ஓடை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, லத்தியும் புலுக்கையும் எங்கே கிடக்கின்றன, ஆட்கள் எங்கே குடிக்க உட்காருகிறார்கள் என்று எல்லாவற்றையும் கையால் வரைந்த படத்தில் குறியுங்கள்.

விலங்கு கீழ்வழியின் நடுவில் நடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சுவரோரமாகவோ தூண் வரிசையை ஒட்டியோ போகும், அல்லது மழைநீர் அரித்த வாய்க்கால் மேட்டில் நடக்கும். சிறு விலங்குகள் புதரோ கல்குவியலோ இருக்கும் பக்கத்தை விடுவதே இல்லை. இதைப் பார்க்காமல் நடுவை நோக்கிக் கேமரா வைத்தால், பாதி நடமாட்டம் படச்சட்டத்துக்கு வெளியே நடந்துவிடும்.

அகலம், உயரம், நீளம், தரை மண்ணா கான்கிரீட்டா, வாயிலில் வெளிச்சம் உண்டா, வேலி எங்கே முடிகிறது ஆகியவற்றையும் இப்போதே அளந்து வையுங்கள். ஒரே சாலையில் ஒரு கீழ்வழிக்குப் புலி வந்து பக்கத்துக் கீழ்வழிக்கு வராமல் போனால், காரணம் இந்தப் பட்டியலுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

5. எத்தனை கேமரா, எங்கே

தானியங்கி கேமரா விலங்கின் உருவத்தைப் பார்த்துப் படம் எடுப்பதில்லை. பின்னணியைவிட வெப்பம் வேறுபட்ட ஒன்று அதன் பார்வைக்குக் குறுக்கே நகர்ந்தால் விழித்துக்கொள்கிறது. இந்த ஒன்று மனதில் இருந்தால், வைக்கும் இடம் பற்றிய விதிகள் எல்லாம் தானாக வரும்.

கேமராவை நோக்கி நேராக நடந்து வரும் விலங்கைக் கேமராவின் உணரி (சென்சார்) தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் பாதைக்குச் சாய்வாக வையுங்கள், விலங்கு குறுக்கே போகட்டும். கிழக்கையும் மேற்கையும் பார்த்து வைத்தால் காலை, மாலை வெயில் லென்ஸில் அடித்து வெற்றுப் படமாகக் குவியும். வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். கோடை நண்பகலில் காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது உணரி மந்தமாகிவிடும். மே மாதப் பகலில் படம் குறைந்தால், விலங்கு வரவில்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

இரவு ஒளியை நம்பி 10, 15 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சிறுபாலத்துக்கு இரு வாயிலிலும் ஒவ்வொன்று போதும். அகலமானவற்றுக்குத் தூணுக்குத் தூண் கட்டிக்கொண்டே போக வேண்டும். மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள ஒன்பது கீழ்வழிகளில் சிறியது 50 மீட்டர், பெரியது 750 மீட்டர். பெரியதில் ஒரு கேமராவைக் கட்டிவிட்டு "கண்காணித்தோம்" என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இரு வாயிலுக்கும் தனித்தனிக் கேமரா வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரு வாயிலில் நுழைந்ததும் மறு வாயிலில் வெளியேறியதும் பதிவானால்தான் அதைக் கடப்பு என்று அடித்துச் சொல்லலாம்.

புலி, சிறுத்தை, மானுக்கு முழங்கால் உயரம், அதாவது 40 முதல் 50 செ.மீ. சரியாக வரும். யானை வரும் இடத்தில் அந்த உயரத்தில் இரும்புப் பெட்டிக்குள் ஒன்று வைத்துவிட்டு, எட்டாத உயரத்தில் கீழ்நோக்கிச் சாய்த்து இன்னொன்றும் வையுங்கள். யானைக்குப் புதுப் பொருள் என்றால் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. நான் இழந்த கேமராக்களில் திருட்டுப் போனவையும் யானை பிய்த்தவையும் ஏறக்குறைய சரிபாதி.

6. அமைப்புகள்

இரவுக்கு, கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி உள்ள கேமராவை வாங்குங்கள். 850 நானோமீட்டர் ஒளி அதிகத் தூரம் அடிக்கும், ஆனால் சிவப்புப் பொட்டாகத் தெரியும். அதைப் பார்த்து விலங்கு தயங்கினால், நீங்கள் அளப்பது கேமராவுக்குப் பயப்படுவதைத்தான். வெள்ளை ஃபிளாஷ் கீழ்வழிக்குள் வேண்டவே வேண்டாம்.

வெள்ளையடித்த கான்கிரீட் சுவர் பக்கத்தில் இருந்தால் ஒளி திரும்பி அடித்து, விலங்கு வெறும் வெள்ளைப் பூச்சாகத் தெரியும். ஒளியின் அளவைக் குறையுங்கள், அல்லது கேமராவைச் சுவரிலிருந்து திருப்புங்கள்.

ஒவ்வொரு தூண்டலுக்கும் மூன்று தொடர் படங்கள், இடையில் காத்திருப்பு இல்லாமல். ஒரு நிமிடக் காத்திருப்பு வைத்தால், கூட்டத்தின் முதல் மான் மட்டும் பதிவாகி மற்ற ஏழும் இருட்டில் போய்விடும். கூட்டத்தை எண்ண வேண்டும் என்றால் வீடியோதான் நல்லது, பேட்டரி செலவைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேதி, நேரம் எல்லாக் கேமராவிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காலை, மாலை மாறிப்போவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பகலில் மரநாயும் நள்ளிரவில் குரங்கும் நடக்கிற அறிக்கையை நான் திருத்தியிருக்கிறேன்.

7. தவழ்ந்து பாருங்கள்

கட்டி முடித்ததும் ஒருவர் நாலு காலில் தவழ்ந்து, விலங்கு போகும் தடத்தில் போய் வர வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம், பிறகு வேகமாக ஒரு ஓட்டம். உடனே கேமராவின் மெமரி அட்டையை எடுத்துப் பாருங்கள். காவலர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த ஓரம் பதிவாகவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து, காலி அட்டையை வைத்துக்கொண்டு காரணம் தேட வேண்டியிருக்கும்.

கேமரா முன் புல்லையும் தொங்கும் கொடியையும் வெட்டுங்கள். வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினால் அதற்கும் உணரி விழிக்கும். ஆனால் வாயிலைச் சுத்தமாக மழித்துவிட வேண்டாம், மறைவு போனால் சிறு விலங்கும் போய்விடும்.

8. கயிற்றுப் பாலம் என்றால் வேறு கணக்கு

வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருப்பது போன்ற பாலங்களில், கேமரா மரத்தில்தான் ஏறியாக வேண்டும். பாலத்தின் நேர்கோட்டில் வைத்தால் விலங்கு நேராகக் கேமராவை நோக்கி வரும், உணரி பிடிக்காது. பக்கக் கிளையில், பாலத்துக்குச் சாய்வாகக் கட்டுங்கள். பாலம் காற்றில் ஆடும், கிளையும் ஆடும். வெற்றுப் படங்கள் ஆயிரக்கணக்கில் வரும் என்று எண்ணியே பெரிய அட்டை போடுங்கள்.

குரங்கு கேமராவைத் திருப்பிவிடும், பட்டையை அவிழ்க்கவும் பார்க்கும். பட்டையோடு கம்பியும் சேர்த்துக் கட்டுங்கள். மரம் ஏறப் பயிற்சியும் பாதுகாப்புக் கயிறும் உள்ளவர் மட்டும் ஏறட்டும், கீழே போக்குவரத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

குரங்கு பகல் விலங்கு. ஆகவே இங்கே கேமராவைவிட நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆள் அதிகம் சொல்வார். கூட்டத்தில் எத்தனை பாலத்தில் போயின, எத்தனை தரையில் இறங்கின என்ற விகிதம் கேமராவில் கிடைக்காது. இரவில் மரநாயும் பறக்கும் அணிலும் போகலாம், கேமராவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

9. கேமராவுக்குத் தெரியாதவை

பாம்பு, உடும்பு, தவளை ஆகியவற்றின் உடல் வெப்பம் தரையின் வெப்பத்தோடு ஒட்டியே இருக்கும். உணரி விழிக்காது. அவற்றுக்காக இடைவெளி விட்டுத் தானாகப் படம் எடுக்கும் முறையைப் போடுங்கள், அல்லது தடப்படுகை போடுங்கள்.

தடப்படுகை என்றால் சலித்த மெல்லிய மண்ணைக் கீழ்வழியின் முழு அகலத்துக்கும் பரப்பி, பலகையால் இழுத்து மட்டமாக்குவது. விலங்கு பாய்ந்து தாண்டிவிடாதபடி, அது நடக்கும் திசையில் குறைந்தது இரண்டு மீட்டர் நீளம் வேண்டும். மாலையில் மட்டமாக்கி, விடியலில் சாய்ந்த வெயிலில் தடத்தைப் படியுங்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டு மறுபடி மட்டமாக்குங்கள்.

பழைய முறைதானே என்று ஒதுக்காதீர்கள். கனடாவின் பேன்ஃப் தேசியப் பூங்காவில் 1996இல் தொடங்கிய நெடுங்காலக் கண்காணிப்பு முதலில் தடப்படுகையை நம்பித்தான் நடந்தது. கேமரா எத்தனை விலங்கைத் தவறவிடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கவும் இதுவே எளிய வழி. தடம் இருக்கிறது, படம் இல்லை என்றால் கேமராவின் இடம் தவறு.

10. சுற்று

மழை இல்லாத காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை போங்கள். போனதும் முதலில் கேமரா முன் கைபேசிக் கடிகாரத்தைக் காட்டிப் படம் விழ வையுங்கள். கிளம்பும் முன் அதே மாதிரி இன்னொன்று. கேமரா உயிரோடு இருந்ததற்கும் கடிகாரம் பிசகாததற்கும் இந்த இரண்டு படங்கள்தான் சாட்சி.

அட்டையைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம். எடுத்த அட்டையை எண் எழுதிய உறையில் போடுங்கள். பேட்டரி எல்லாமே ஒரே வகை, ஒரே வயது. பழையதும் புதியதும் கலந்தால் நள்ளிரவில் ஒளி மங்கும், பகலில் எல்லாம் சரியாகத் தெரியும், கோளாறு கண்ணில் படாது. பேட்டரி மாற்றியதும் தேதியைப் பாருங்கள், சில கேமராக்கள் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும்.

கேமரா நின்றுபோன நாளைத் தவறாமல் எழுதுங்கள். இதை மறைப்பவர்கள் உண்டு, பின்னால் கணக்கே தப்பாகும்.

11. மேலே சாலையிலும் நடங்கள்

கீழ்வழிக்கு இருபுறமும் ஒரு கிலோமீட்டராவது, வேலி முடியும் இடத்தையும் சேர்த்து, விடியலில் நடந்து பாருங்கள். காரில் போனால் பாம்பும் தவளையும் கண்ணில் படாது. நேரம் தள்ளிப்போனால் காகமும் நாயும் எடுத்துவிடும், மிச்சம் லாரிச் சக்கரத்தில் தோலாகிவிடும். அடிபட்டது எங்கே அதிகம் என்று குறித்தால், பல இடங்களில் அது வேலி முடியும் முனையாக இருக்கும்.

ஆர்வத்தில் சடலத்தை ஓரமாக இழுத்துப்போடாதீர்கள். இறந்து கிடக்கும் வனவிலங்கும் சட்டப்படி அரசின் உடைமை. அளவுகோலோடு படம், இடக்குறிப்பு எடுத்துக்கொண்டு பீட் காவலருக்குச் சொல்லுங்கள். அதே சடலத்தை நாளைக்கு மறுபடி எண்ணாமல் இருக்க இந்தக் குறிப்பு போதும்.

12. படங்களைப் பிரிப்பது

வெற்றுப் படங்களைக் கழிக்க மெகாடிடெக்டர் போன்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உதவும். அது விலங்கு, மனிதர், வண்டி, வெற்று என்று பிரிக்கும், இனம் சொல்லாது. வெற்று என்று ஒதுக்கியதில் நூற்றுக்குப் பத்தையாவது கண்ணால் பாருங்கள், முயலும் கீரியும் அங்கே கிடக்கும்.

கோவை அருகே மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய, தண்டவாளத்தருகே யானை வந்தால் எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ரயிலை நிறுத்தும் நொடிகள் முக்கியம். நமக்கு வேண்டியது ஆண்டு முடிவில் ஒப்பிடக்கூடிய எண்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள்: முழுக்கக் கடந்தது, நுழைந்து திரும்பியது, வாயிலில் நின்று விலகியது, உள்ளே தங்கியது. வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கும் மாடுகளும் காட்டுப்பன்றிகளும் நாளெல்லாம் படமாகும், அவை கடக்கவில்லை. திரும்பிப் போனவற்றைப் பலர் எழுதுவதே இல்லை. கீழ்வழியில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்வது அந்த வரிசைதான்.

ஒரே இனம் 30 நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் ஒரே நிகழ்வு என்பது கேமரா ஆய்வில் வழக்கம். கடப்புக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். பத்து நிமிடத்தில் எதிர்த்திசையில் போனது இன்னொரு விலங்காகவும் இருக்கலாம். திசையையும் கூட்டத்தின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

13. எண்ணை, அதை வகுக்கும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்

"கடமான் 60 முறை கடந்தது" என்பது பாதி வாக்கியம். எத்தனை கேமரா, எத்தனை இரவு வேலை செய்தது? இரண்டையும் பெருக்கிக் கேமரா-இரவு என்று எடுத்து, நூறு கேமரா-இரவுக்கு இத்தனை என்று எழுதுங்கள். நான்கு கேமராக்களில் ஒன்று பத்து நாள் செத்துக் கிடந்தால் அந்தப் பத்தையும் கழிக்க வேண்டும்.

பக்கத்துக் காட்டுக்குள்ளும் சில கேமராக்கள் வையுங்கள். காட்டில் செந்நாய் அடிக்கடி விழுகிறது, கீழ்வழியில் விழவே இல்லை என்றால் அது ஒரு செய்தி. காட்டிலும் இல்லை என்றால் கீழ்வழியைக் குறை சொல்ல முடியாது.

கடப்பு எண்ணும் விலங்கு எண்ணும் வேறு. பெஞ்ச் கீழ்வழிகளில் இந்திய வனஉயிரின நிறுவனம் 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை செய்த கண்காணிப்பில் 18 வகை விலங்குகள் 5,450 முறை பதிவாயின. புலி 89 முறை. ஆனால் கோடுகளை வைத்துப் பிரித்தபோது அவை 11 புலிகள். கடமானுக்குக் கோடு கிடையாது, எனவே தலைக்கணக்கு சொல்லாதீர்கள்.

14. எத்தனை நாள்

ஒரு முழு ஆண்டு என்பது குறைந்த அளவு. கோடையில் தண்ணீர் தேடும் நடமாட்டம் வேறு, வடகிழக்குப் பருவமழையில் கீழ்வழிக்குள்ளேயே தண்ணீர் நிற்கும்போது வேறு. பேன்ஃபில் கிரிஸ்லி கரடி, ஓநாய் போன்றவை புதுக் கட்டுமானத்தை ஏற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. முதலாண்டு வராத விலங்கைப் பற்றி, "இதுவரை பதிவாகவில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.

மனிதர் படங்களை யாரும் பார்க்கும் இடத்தில் வைக்காதீர்கள். விறகுக்கு வரும் பெண்கள், மாடு மேய்ப்பவர்கள் எல்லாம் விழுவார்கள். இத்தனை பேர், எந்த நேரம் என்று எண்ணைக் குறித்துக்கொண்டு படத்தை அழித்துவிடுங்கள். கேமரா இருப்பதைத் தமிழில் எழுதிய பலகையை வாயிலில் மாட்டுங்கள், திருட்டும் குறையும். புலி, சிறுத்தை, யானைப் படத்தை வெளியே கொடுக்கும் முன் கோப்பில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், எந்தத் தூணருகே எத்தனை மணிக்கு வருகிறது என்பதும் அறிக்கையின் பொதுப் பிரதியில் வரக்கூடாது.